கணினியைப் புதுப்பித்தபின் அச்சுப்பொறி நின்றுவிட்டதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதன்பின் வீட்டுக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றிய விழிஞ்ஞம் வாடிக்கையாளர்கள் சிலர், அச்சுப்பொறி இயங்கவில்லை என எம்மிடம் கூறுகின்றனர். கடற்காற்றின் உப்பு மின்முனைகளை அரிக்கும் என்பது உண்மையே. ஆயினும், கருவியை வேறொரு கணினியில் இணைத்துப் பாருங்கள். அங்கே இயங்கினால், பழுது பெரும்பாலும் இயக்கி மென்பொருளிலேயே உள்ளது. புதிய இயக்கியைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டுமே பெறுங்கள். பயனில்லையெனில், பொதுவாக 10 நாள்களுக்குள் பழைய பதிப்புக்குத் தற்காலிகமாகத் திரும்பலாம். இணையத்தில் தேடிக் கிடைத்த ‘உதவி எண்’ணை நம்பித் தொலைநிலைச் செயலியை நிறுவாதீர்கள், திரை பிறர் வசமானால் கணக்கும் அவர் வசமாகும். பணம் பறிபோனால் உடனே 1930-ஐயும் வங்கியையும் அழையுங்கள்.