மீன் தொட்டியைத் துலக்குதல்



காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், தறிகள் நிறைந்த எங்கள் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி மீன் தொட்டி ஒன்று இருந்தது. அதில் எட்டுத் தங்கமீன்கள். உட்புறம் பாசி படர்ந்து மீன்கள் மங்கலாகத் தெரியவே, ஒரு ஞாயிறன்று அதனைத் துலக்க முனைந்தேன். பட்டு நூலின் பசை போகக் காய்ச்சுவதற்கென்று சவுக்காரமும் சோடா உப்பும் எங்கள் வீட்டில் எப்பொழுதும் இருக்கும். அவற்றைக் கொண்டே கண்ணாடியையும் மணலையும் கூழாங்கற்களையும் தேய்த்துக் கழுவினேன். புதிய குழாய்நீரை நிரப்பி மீன்களை விட்டேன். தொட்டி பளிங்குபோல் ஒளிர்ந்தது. மறுநாள் காலையில் மூன்று மீன்கள் மிதந்தன. வாரம் முடியுமுன் ஒன்றும் மிஞ்சவில்லை.

கல்லூரியில் விலங்கியல் பயின்றபோதுதான் என் பிழை விளங்கிற்று. கழுவிய பின்னும் ஒட்டியிருக்கும் சவுக்காரம் மீனின் செவுளைக் கெடுக்கும். குழாய்நீரில் கலந்த குளோரினும் அவ்வாறே. ஆயினும், இவற்றினும் பெரிய பிழை ஒன்று உண்டு. மீன் தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளிவிடுகிறது. அது நஞ்சு. மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை அவ்வளவு கேடற்ற நைட்ரேட்டாக்கும். மண்ணில் இவ்வேலை நடப்பதை ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து நிறுவினார். அழுக்கென்று எண்ணி நான் தேய்த்துப் போக்கியது இந்தக் காவற்படையைத்தான். புதிய தொட்டியில் அது மீண்டும் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரமாகும்.

வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு குளத்தை நீங்கள் கண்டிருக்கலாம். அத்திவரதரை எழுந்தருளச் செய்வதற்காக 1979லும் 2019லும் அதன் நீரை இறைத்தார்கள். அத்தனை பெரிய நீர்ப்பரப்பில் சில மீன்களின் கழிவு கரைந்து மறைந்துவிடும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உயரமும் கொண்ட என் தொட்டியிலோ 56 லிட்டர் நீரே அடங்கும். எட்டுத் தங்கமீன்கள் அதற்கு மிகுதி என்பதையும் அப்பொழுது நான் அறியேன்.

பின்னர் வேறொரு தொட்டி வைத்தேன். மீன்கள் இரண்டு மட்டுமே. வாரம் ஒருமுறை நீரில் கால் பங்கை ரப்பர்க் குழாயால் அடிமணலின் கசடோடு உறிஞ்சி எடுப்பேன். முதல் நாளே வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து வைத்த நீரை மெல்ல ஊற்றுவேன். இரவு முழுதும் திறந்திருந்தால் குளோரின் அகன்றுவிடும். (குளோரமீன் சேர்க்கும் ஊர்களில் இது போதாது, அதற்கென விற்கும் மருந்தை இட வேண்டும்.) வடிகட்டும் பஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய நீரிலேயே அலசுவேன், குழாயடிக்குக் கொண்டுபோவதில்லை. முன்பக்கக் கண்ணாடியின் பாசியை மட்டும் மெல்லிய துணியால் துடைப்பேன். மணல் கண்ணாடியைக் கீறிவிடும். பின்பக்கத்துப் பாசியைத் தொடுவதே இல்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீரும் அளவுக்கே தீனி.

நீர்மட்டத்துக்கு மேலே வெண்கோடுபோல் படியும் சுண்ணாம்புதான் எளிதில் போகாதது. நீரைச் சற்று இறக்கி, எலுமிச்சைச் சாறு தோய்த்த துணியால் அதனைத் தேய்த்து, சாறு உள்ளே வடியாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பேன்.