மழையில் நனைந்த பூட்ஸை வெயிலில் போடாதீங்க!

அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு லெதர் பூட்ஸ் போட்டு செல்பவர்களுக்கு மழைக்காலம் வந்தால் திண்டாட்டம்தான். நனைந்த பூட்ஸை அடுப்பு பக்கத்திலும், மொட்டை மாடி வெயிலிலும் காய வைப்பார்கள். அங்கேதான் வினையே! சூட்டில் தோல் சுருங்கி, விறைத்து, வெடித்து விடும்.

கயிறையும், உள்ளே இருக்கும் அட்டையையும் கழற்றுங்கள். பழைய பேப்பரை கசக்கி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். பேப்பர் ஈரமானால் மாற்றுங்கள். சேறு காய்ந்ததும் பிரஷ் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

பூஞ்சை பிடித்து இருக்கிறதா? வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்கலாம். சாயம் போகிறதா என்று முதலில் ஓரத்தில் துடைத்து பாருங்கள். நன்றாக காய்ந்த பிறகு லெதர் கண்டிஷனர் லேசாக தடவி, மறுநாள் பாலீஷ் போடுங்கள். தேங்காய் எண்ணெயை ஊற்றினால் தோல் தொளதொளத்து, தூசு ஒட்டும்.

ஒன்று மட்டும் முக்கியம். சேப்டி ஷூவின் முன்பக்க இரும்பு கவசம், சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருந்து 20 கிலோ எடை விழும் அடியை தாங்குவதற்காக செய்யப்படுவது. அது ஒரு தடவை நசுங்கி விட்டால் மறுபடி விரலை காப்பாற்றும் என்று நம்ப முடியாது. பாலீஷ் போட்டு ஒப்பேற்றாமல், கம்பெனியில் புது ஜோடி கேட்டு வாங்குங்கள். ஷூ போனால் வாங்கலாம், விரல் போனால்?