தேவிகாபுரத்துக்குப் பிரெஞ்சு எதற்கு?

ஆரணி வட்டாரத்துத் தேவிகாபுரத்தில் பட்டு நெய்யும் வீடுகளில் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி, பிரான்சின் லியோன் நகரத்தில் பிறந்த யோசனை. அந்த ஊர் பட்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் அதற்கு வடிவம் கொடுத்தார். துளையிட்ட அட்டைகளைக் கோத்து மேலே தொங்கவிட்டிருப்பார்கள். மிதிக்க மிதிக்க அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பும். துளை இருக்கும் இடத்தில் கொக்கி எழுந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கும். நடுவில் நாடா ஓடினால் பார்டரில் மயிலின் ஒரு வரி விழுந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர்களும் அல்லர். 1750 முதல் 1761 வரை செஞ்சிக் கோட்டை அவர்கள் கையில் இருந்தது. 1751இல் ஆரணியில் ஆங்கிலேயத் தளபதி கிளைவிடம் ஒரு பிரெஞ்சுக் கூட்டுப்படை தோற்றது. 1760 ஜனவரி 22ஆம் தேதி வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையை ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் முறியடித்திருக்காவிட்டால், இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் இங்கிலீஷுக்குப் பதில் பிரெஞ்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கவும் கூடும். இன்று தமிழ்நாட்டில் பிரெஞ்சு என்றதும் பெற்றோர் நினைவுக்கு வருவது பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதிலாக எடுத்தால் மதிப்பெண் அள்ளித் தரும் பாடம் என்பதுதான். அதோடு 'பிரெஞ்சு படித்தால் மூளை கூர்மையாகும்' என்ற விளம்பரமும் சேர்ந்துகொள்கிறது. முதல் காரணம் பிள்ளைக்கு நஷ்டம். இரண்டாவது காரணம் பாதிதான் உண்மை. பிரெஞ்சால் கிடைக்கும் நிஜமான லாபம் இந்த இரண்டிலும் இல்லை.

மூளைக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். இரண்டு மொழி படித்தால் குழந்தை குழம்பிப்போகும் என்றுதான் கல்வியாளர்கள் பலர் ஒரு காலத்தில் நம்பினார்கள். கனடாவின் மாண்ட்ரியலில் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒரே அளவு பேசிய 10 வயதுக் குழந்தைகளைச் சோதித்து, 1962இல் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இருவர் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். நம் பக்கத்து ஆய்வு ஒன்று அதைவிட முக்கியமானது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவக் கழகத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். இருமொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகவே தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இதே வித்தியாசம் தெரிந்ததால், எல்லாம் பள்ளிப்படிப்பின் பலன் என்று தள்ளிவிட முடியவில்லை. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, அதை விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை: இரண்டுக்கு மேல் மூன்றாவது மொழி தெரிந்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் காணப்படவில்லை. கவனம், திட்டமிடல் போன்ற திறன்களில் இருமொழியாளர்களுக்கு அனுகூலம் உண்டு என்ற கூற்றும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2020இல் வெளியான, 11,000 பேரைச் சோதித்த ஆய்வில் அப்படிப் பொதுவான அனுகூலம் எதுவும் தென்படவில்லை. ஆரணிப் பட்டு வட்டாரத்தில் வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசி, தெருவில் தமிழ் பேசும் நெசவுக் குடும்பங்கள் உண்டு. மறதிநோய்க்கு எதிராக மொழி தரும் கவசம் ஒன்று உண்டென்றால், அது அவர்களுக்குப் பைசா செலவில்லாமல் ஏற்கெனவே வாய்த்திருக்கிறது. மூளைக்கு டானிக் என்று சொல்லி அவர்களிடம் பிரெஞ்சை விற்பது நேர்மையில்லை.

அப்படியானால் பிரெஞ்சு எதற்கு? ஒரு மொழியின் பலனை மொத்தமாக 'மூளை வளர்ச்சி' என்று எடைபோடுவதில்தான் கோளாறு. அந்த மொழி, அதைப் படிக்கிறவரின் தாய்மொழியோடும் அவர் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மொழியோடும் எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். தமிழ் பேசுகிறவருக்குப் பிரெஞ்சு ஆச்சரியப்படும் அளவுக்கு வாகாகப் பொருந்துகிறது. 'அவன் வந்தான்' என்று பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள். கடைசி 'ன்' முழுதாக ஒலிக்காது. 'ஆ' என்ற உயிரே மூக்கோடு சேர்ந்து முடிந்துவிடும். பிரெஞ்சின் புகழ்பெற்ற மூக்கொலி உயிர்கள் இந்த வகைதான். ஆங்கிலேயர்கள் அதற்குப் படாதபாடு படுகிறார்கள். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலேயர் 'பேப்பர்' என்று சொன்னால் காகிதம் ஆடும். அவருடைய முதல் எழுத்தில் அவ்வளவு காற்று. தமிழர் சொன்னாலும் பிரெஞ்சுக்காரர் சொன்னாலும் அது அவ்வளவாக அசைவதில்லை. புணர்ச்சி படித்த பிள்ளைக்குப் பிரெஞ்சில் சொல்லும் சொல்லும் சேரும் இடம் புதிராகவே இருக்காது. தனியாக வரும்போது ஒலிக்காத மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் எழுந்துவந்து ஒட்டிக்கொள்ளும்: 'லே', 'அமி' இரண்டும் சேர்ந்தால் 'லேஸமி'. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் அங்கே அப்படியே இருக்கிறது. எல்லாமே சுலபம் என்று சொல்லவரவில்லை. தொண்டைக்குள் உருளும் 'ர' நமக்குப் புதிது. ஆண்பால், பெண்பாலை உயர்திணைக்கு மட்டும் வைத்துக்கொண்ட நமக்கு, பட்டு பெண்பால், தறி ஆண்பால் என்று ஒரு மொழி அடம்பிடிப்பதைப் பழக நாளாகும். கனடாவில் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு வழியிலேயே படித்த ஆங்கிலப் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

'இங்கிலீஷே வரவில்லை, இதில் பிரெஞ்சு வேறா?' என்ற ஆட்சேபம் நியாயமானதாகத் தோன்றும். உண்மையில் பிரெஞ்சுக்குச் சாதகமான வலுவான வாதம் அதற்குள்ளேதான் இருக்கிறது. 1066இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனை, நீதிமன்றம், சமையலறை எல்லாவற்றிலும் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வெள்ளமாகப் புகுந்தன. ஏறத்தாழ 80,000 ஆங்கிலச் சொற்களை வகைப்படுத்தி 1973இல் வெளியான கணக்கு ஒன்றில், பிரெஞ்சிலிருந்து வந்தவை மட்டும் நூற்றுக்கு 28. நாம் வாயில் போட்டு மெல்லும் கோர்ட்டு, ஜட்ஜு, டைலர், டிக்கெட் எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. அவற்றிலும் பாடப்புத்தக ஆங்கிலத்தில் மாணவரைத் திணறடிக்கும் நீளச் சொற்கள்தான் பெரும்பாலும் பிரெஞ்சு, லத்தீன் வழி வந்தவை. அடுப்படியிலும் தெருவிலும் புழங்கும் சின்னச் சொற்கள் ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. ஆகவே பிரெஞ்சுக்குச் செலவிடும் நேரம் ஆங்கிலத்திடமிருந்து பறித்த நேரம் ஆகாது. கல்லூரி ஆங்கிலத்துக்கு அது இன்னொரு வாசல். ஜெர்மனோ ஜப்பானிய மொழியோ இந்த வகையில் இவ்வளவு உதவாது. அவற்றுக்கு வேறு பயன்கள் உண்டு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் தமிழ்ப் பற்றாளர்களுடையது. பிரெஞ்சு வந்தால் தமிழ் போகிறதே என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. விஞ்ஞானமும் அவர்கள் பக்கம்தான். முன்பு சொன்ன அதே லாம்பர்ட் இருமொழிக் கல்வியை இரண்டாகப் பிரித்தார்: தாய்மொழியின் மேல் இன்னொன்றைக் கூட்டுவது ஒன்று, தாய்மொழியைக் கழித்துவிட்டு இன்னொன்றை வைப்பது மற்றொன்று. 1965இல் மாண்ட்ரியலை அடுத்த செயிண்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலக் குழந்தைகளை முழுக்கப் பிரெஞ்சு வழி வகுப்பில் சேர்த்துச் சோதித்தபோது, அவர்களுடைய ஆங்கிலம் நிரந்தரமாகப் பின்தங்கிவிடவில்லை. ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் மற்றவர்களை எட்டிப்பிடித்தார்கள். வீடு, வீதி, செய்தித்தாள் எல்லாம் ஆங்கிலமாக இருந்த இடம் அது, அதனால் அங்கே நடந்தது கூட்டல். நம் ஊரில் பிளஸ் ஒன் படிவத்தில் தமிழை அடித்துவிட்டுப் பிரெஞ்சு எழுதுவது கழித்தல். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை காவல் நிற்கிறது. தமிழில் கனமான உரைநடையும் இலக்கியமும் படிக்க மனம் பக்குவப்படும் பதினாறு வயதில் நாமே அதை விட்டுக்கொடுக்கிறோம். பாவு இல்லாத தறியில் ஜக்கார்டு ஏற்றிவைத்தால் என்ன நெய்ய முடியும்? போகட்டும், தமிழைக் கொடுத்து வாங்கிய பிரெஞ்சாவது மிஞ்சுகிறதா என்றால், கேள்வி பதிலை மனப்பாடம் செய்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவர்களில் எத்தனை பேரால் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ஐந்து நிமிடம் பேச முடியும்?

வயது தாண்டிவிட்டதே என்ற கவலை பதினாறு வயதுக்காரருக்குத் தேவையில்லை. ஆங்கிலம் கற்ற 6,70,000 பேரின் விடைகளை அலசிய 2018ஆம் ஆண்டு ஆய்வு, இலக்கணம் பிடிபடும் திறன் ஏறத்தாழ 17 வயது வரை குறையாமல் நீடிப்பதாகச் சொல்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய கல்லூரி மாணவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். சராசரியாக 14 மணி நேரம் வகுப்பில் இருந்ததுமே, நிஜப் பிரெஞ்சுச் சொல்லையும் போலிச் சொல்லையும் மூளை வேறுவிதமாக எதிர்கொண்டது. வாய்விட்டுக் கேட்டால் அந்த மாணவர்களுக்கு எது நிஜம், எது போலி என்று சொல்லத் தெரியவில்லை. தொடக்கம் இவ்வளவு விரைவு. ஓரளவு சரளமாகப் பேச 500, 600 மணி நேரம் ஆகும், அதுவரை தாக்குப்பிடிக்க வைப்பது ஆர்வம். மாண்ட்ரியலில் பிரெஞ்சு கற்ற மாணவர்களை ஆராய்ந்து ராபர்ட் கார்ட்னரும் லாம்பர்ட்டும் 1959இலேயே இதைக் காட்டினார்கள்: மொழித்திறன் ஒரு பக்கம், அந்த மக்களோடு உறவாட வேண்டும் என்ற விருப்பம் இன்னொரு பக்கம்; இரண்டும் தனித்தனியாக வெற்றியைத் தீர்மானிக்கின்றன. தேவிகாபுரத்துப் பிள்ளைக்கு அந்த விருப்பம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் லியோன் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலாம். வியாபாரி நூல் கொடுக்க, வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்த அந்த நகரத்துப் பட்டு நெசவாளர்கள், குறைந்தபட்சக் கூலி கேட்டு 1831 நவம்பரில் கிளர்ந்தெழுந்து நகரத்தையே சில நாள் கைப்பற்றினார்கள். பட்டும் ஜரிகையும் வாங்கிவந்து கூலிக்கு நெய்யும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கதையைப் புரியவைக்க வாத்தியார் தேவையில்லை. அதைப் பற்றிய எழுத்தும் ஆவணங்களும் பெரும்பகுதி பிரெஞ்சில்தான் கிடக்கின்றன.

மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது எதற்கு என்பவர்களுக்கு, வழி கேட்க அது போதும் என்பதே பதில். நிஜமான தடை வேறு: கிராமத்து அரசுப் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியருக்கு எங்கே போவது? புதுச்சேரியில் 1889 முதலும் சென்னையில் 1953 முதலும் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனம் இயங்குகிறது. பிரெஞ்சு அரசின் டெல்ஃப் தேர்வு கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கையும் சம எடையில் சோதிக்கிறது. மனப்பாடம் அங்கே செல்லாது, சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லித்தந்து ஓய்வுபெற்றவர்களை இணையம் வழியாக ஆரணி வட்டாரத்துப் பள்ளிகளின் மாலை வகுப்புகளோடு இணைப்பது கல்வித்துறைக்குப் பெரிய செலவல்ல. துறை இதைச் செய்ய வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிளஸ் ஒன் படிவத்தில் மொழிப்பாடம் என்ற இடத்தில் தமிழ் என்றே எழுதுங்கள், பிரெஞ்சை மாலையில் படிக்க அனுப்புங்கள்.