படம் பிந்தினால் யாரிடம் கேட்பது?

கடந்த வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, கண்டியில் உள்ள திரையரங்கு ஒன்றுக்கு மாமியைக் கூட்டிச் சென்றேன். மூட்டு வருத்தத்துக்குக் கிளினிக் காட்ட முல்லைத்தீவிலிருந்து வந்திருந்தவர். திரையரங்கில் படம் பார்த்து முப்பது வருடத்துக்கு மேல் என்றார்.

ஆறரைப் படம் ஏழேகால் வரை தொடங்கவில்லை. குளிரூட்டி வேலை செய்யவில்லை. இடைவேளையில் தண்ணீர்ப் போத்தலை அதில் அச்சிட்டிருந்த விலைக்கு மேல் விற்றார்கள். எப்போது தொடங்கும் என்று வாசலில் நின்ற ஊழியரிடம் தமிழில் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிங்களத்தில் கேட்டேன், போய் இருக்கச் சொன்னார். தமிழ்ப் படம் பார்க்கக் கலஹா, தெல்தோட்டைப் பக்கமிருந்து வந்த பொடியன்கள் சிலர், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப் படத்தில் எழும்பிப் போனார்கள். நாற்பத்தைந்து நிமிடத் தாமதத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

மறுபடி கேட்கப் போன என் கையை மாமி பிடித்து இழுத்தார். "விடு தம்பி. எங்களுக்கு ஏன் வில்லங்கம்?"

2009 வரை வன்னியில் இருந்தவர் அவர். அரிசிக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை, முகாமில் பதிவுக்கு வரிசை. அந்த வரிசைகளில் கேள்வி கேட்காமல் இருந்ததுதான் பலரைக் காப்பாற்றியது. அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் திரையரங்கு வரிசை நிவாரண வரிசை அல்ல. இங்கே நாம் காசு கொடுத்திருக்கிறோம். ரிக்கெட் என்பது ஒரு ஒப்பந்தம்.

இந்தியாவில் பெங்களூரைச் சேர்ந்த ஒருவர் அப்படித்தான் நினைத்தார். 2023 டிசம்பரில் 4.05 மணிக் காட்சிக்குப் போன அவர், விளம்பரங்களைப் பார்த்து 4.30 வரை காத்திருக்க நேர்ந்தது. நுகர்வோர் ஆணையத்தில் பிவிஆர் ஐநாக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டார். 2025 பெப்ரவரியில் ஆணையம் அவருக்கு 20,000 ரூபாய் இழப்பீடும் 8,000 ரூபாய் வழக்குச் செலவும் கொடுக்கச் சொன்னது. நுகர்வோர் நல நிதிக்கும் ஒரு லட்சம் கட்டச் சொன்னது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் இந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும், இருபத்தைந்து நிமிடமும் ஒருவருடைய சொத்துத்தான் என்ற வாதம் பதிவாகிவிட்டது.

இலங்கையிலும் வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. பொருளை மட்டுமல்ல, சேவையைப் பற்றியும் அதனிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நட்டம் ஏற்பட்டதாக விசாரணையில் தெரிந்தால், இழப்பீடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடலாம். போத்தலில் உள்ள விலைக்கு மேல் விற்பது குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. தொலைபேசி இலக்கம் 1977.

மொழி விடயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் சொன்னது. அடுத்த வருடம் வந்த 16ஆம் திருத்தம், அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை விரிவாக்கியது. இவை கட்டுப்படுத்துவது அரச நிறுவனங்களைத்தான். தனியார் திரையரங்கு ஊழியர் தமிழில் பதில் சொல்லாததற்கு இவற்றைக் காட்டி வழக்காட முடியாது. ஆனால் அதிகார சபை ஓர் அரச நிறுவனம். கண்டியிலிருந்தும் அதற்குத் தமிழில் எழுதலாம். தமிழிலேயே பதிலை எதிர்பார்க்கலாம்.

ஆகவே ரிக்கெட்டைக் கிழித்து எறியாதீர்கள். படம் தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள். வாங்கிய பொருளுக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். முதலில் முகாமையாளரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். தீராவிட்டால் எழுதுங்கள்.

ஊடகக் கற்கை படித்த நானும் அன்று பேசாமல்தான் திரும்பினேன். சட்டத்தைத் தேடி வாசித்தபோது மூன்று மாதம் கடந்துவிட்டது. மாமியிடம் தொலைபேசியில் சொன்னேன். பாதி ரிக்கெட்டை இன்னும் பேர்ஸில் வைத்திருக்கிறாராம். "அடுத்தமுறை வந்தால் நானே கேட்கிறன்" என்றார்.