சுவரில் ஓதமா? சண்டை வேண்டாம், சரி செய்யுங்கள்!



மழைக்காலம் வந்தால் சுவரில் ஓதம் ஏறும். மூலையிலும் பீரோவின் பின்னாலும் கறுப்பாக, பச்சையாகப் பூஞ்சணம் படரும். "இதனாலதான் புள்ளைக்கு இளைப்பு வருது" என்பார் மனைவி. "எந்த வீட்லதான் ஓதம் இல்ல? சும்மா பயப்படாதே" என்பார் கணவர். யார் சொல்வது சரி?

இதே வாதம் பெரிய டாக்டர்களுக்குள்ளும் நடந்ததுதான். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1993, 1994 ஆண்டுகளில் 10 கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தக் கசிவு கண்டது. தண்ணீரில் ஊறிய வீடுகளில் வளரும் ஒருவகைக் கரும்பூஞ்சணமே காரணம் என்று முதலில் கருதினார்கள். "விஷப் பூஞ்சணம்" என்ற பேச்சு எங்கும் பரவியது. 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் ஆய்வை மறுபடி பரிசீலித்து, அது நிரூபிக்கப்படவில்லை என்று அறிவித்தது. ஆய்வு செய்த டாக்டர்கள் சிலர் இதை ஏற்கவில்லை.

அப்படியானால் பூஞ்சணத்தால் கெடுதலே இல்லையா? உண்டு. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருமல், இளைப்பு, ஆஸ்துமாத் தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் கூறியுள்ளது. இதில் சண்டைக்கு இடமில்லை. கறுப்பா, பச்சையா என்று நிறம் பார்க்கவும் வேண்டாம். எதுவானாலும் அகற்ற வேண்டியதுதான்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். சுவரோரம் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஓதம் போகாமல் மேலே சுண்ணாம்பு அடித்தால் பூஞ்சணம் திரும்ப வரும்.

2. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். கர்ப்பிணியும் ஆஸ்துமா உள்ளவரும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். வீட்டுக்காரர் செய்யட்டும்.

3. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது. அதில் கிளம்பும் வாயு மூச்சுக்கு ஆபத்து.

4. பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாய், தலையணையை வெயிலில் போடுங்கள். தொட்டிலை ஓதச் சுவரை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள்.

5. தானிய மூட்டைகளைப் பலகை மேல், சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். பூஞ்சணம் பிடித்த கடலையைச் சாப்பிடக் கூடாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை! எல்லாப் பழியையும் சுவர் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். குழந்தைக்கு வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்து பாருங்கள்.

யார் சொன்னது சரி என்று முடிவாகும் வரை காத்திருக்க வேண்டாம். இருவரும் சேர்ந்து இந்த வாரமே ஓட்டையும் சுவரையும் பாருங்கள்.

சுவர் காய்ந்தால் வீடு நலம். வீடு நலமானால் பிள்ளை நலம்!