அம்மம்மாவுக்கு உண்மையிலேயே பசிக்கேல்லையா?



இந்த வார எபிசோடைக் கேட்க முதல், ஒரு சின்ன கேஸ்.

68 வயது அம்மா ஒருவர். பக்கவாதம் வந்து ஐந்து வாரம். பேச்சு தெளிவு, ஆனால் வலது கை சொல்வழி கேட்காது. நீங்கள் ஆக்குபேஷனல் தெரபி மாணவர். சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்து, இடது கையில் கரண்டியைக் கொடுக்கிறீர்கள். "பசிக்கேல்லை பிள்ளை" என்கிறார். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவீர்கள்?

ஓ.டி. என்றால் குளிக்க, உடுக்க, சாப்பிட, தேத்தண்ணி போட மனுசரைத் திரும்பப் பழக்கும் வேலை. அதைப் புத்தகத்தில் மட்டும் படிக்கேலாது. உலக ஓ.டி. சம்மேளனத்தின் விதிப்படி ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 1,000 மணி நேரம் களப்பயிற்சி செய்ய வேண்டும். ஆனால் அவ்வளவு பேருக்கும் ஆஸ்பத்திரியில் இடம் கிடைப்பது கஷ்டம்.

அதனால்தான் சிமுலேஷன். கம்பஸிலேயே ஒரு சமையலறை, ஒரு கட்டில், நோயாளியாக நடிக்க ஒருவர். மாணவர் தடுமாறினால் 'பாஸ்' சொல்லி நிறுத்தலாம், யோசிக்கலாம், திரும்பச் செய்யலாம். முடிந்ததும் எல்லாரும் இருந்து, ஏன் அப்படிச் செய்தோம் என்று கதைப்பார்கள். பாதிப் படிப்பு அங்கேதான்.

இது ஒப்புக்குச் செய்யும் வேலையா? ஆஸ்திரேலியாவில் 6 பல்கலைக்கழகங்களின் மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு 40 மணி நேரம் சிமுலேஷன், மற்றதற்கு அதே அளவு நேரம் உண்மையான களப்பயிற்சி. 2018-இல் வந்த முடிவு: இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கற்றிருந்தன.

ஆனால் ஒரு கேஸ் அதை எழுதினவருக்குத் தெரிந்த அளவுக்குத்தான் போகும். கேஸில் வாறவர் எப்பவும் டோஸ்ட்டுக்கு பட்டர் பூசுறவர் என்றால், மாணவரும் அதைத்தான் பழகுவார்.

மேலே சொன்ன கேஸ் என் அம்மம்மா. அப்போது எனக்கு 14 வயது, வார்டில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். "ஷீ இஸ் நாட் ஹங்ரி" என்று சொல்லிவிட்டேன். அவர்களும் அப்படியே எழுதினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. ஆட்களுக்கு முன்னால் இடது கையால் சாப்பிட அவவுக்கு வெட்கம். நல்ல பசியோடுதான் இருந்திருக்கிறா.

மெல்போர்னில் ஓ.டி. படிக்கும் என் தோழி போன மாதம் இதையே ஒரு கேஸாக எழுதி, வகுப்பில் தானே அம்மம்மாவாக நடித்தாள். முதலில் வந்தவர்கள் எல்லாரும் "பசியின்மை" என்றுதான் எழுதினார்களாம். கடைசியாக வந்த பெடியன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டில எப்படிச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டான். பிறகு அவளின் வலது கையைத் தாங்கிப் பிடித்து, விரலால் சோறு பிசையப் பழக்கினான். அதுவும் கைக்கு நல்ல பயிற்சிதான்.

இதை அவள் சொல்லும்போது ரெக்கோர்டிங்கை ஒரு நிமிசம் நிறுத்த வேண்டி வந்தது. ஏன் என்று கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேஸ் இருக்கும். எழுதி அனுப்புங்கோ, அவளிடம் கொடுக்கிறேன்.