அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் சித்தப்பாவுக்குச் சீனி போடாத தே ஓ, எனக்கு தே தாரேக். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். அவர் மகள் இங்கிலாந்தில் ஓர் ஊராட்சி மன்றத்தில் சமூகப் பணியாளர்.

"துணையில்லாம வர்ற அகதிப் பிள்ளைங்கள ஒரு மன்றத்துலேருந்து இன்னொரு மன்றத்துக்கு மாத்துற வேலையாம். பிள்ளை என்னப்பா ஃபைலா, மேசைக்கு மேசை தள்ளிவிட?"

நியாயமான கோபம்தான். ஆனால் அந்த மாற்றத்தின் கதை தெரிந்தால் நம் ஊரில் எது இல்லை என்பதும் புரியும். ஆகவே முதலிலிருந்து சொன்னேன்.

இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, பெற்றோர் துணையின்றி வந்து அடைக்கலம் கேட்கும் பிள்ளை எந்த மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ, அந்த மன்றமே அதற்குப் பொறுப்பு. தங்க வீடு, பள்ளிக்கூடம், வைத்தியம் எல்லாம் அது பார்க்க வேண்டும். குடியேற்ற விண்ணப்பம் ஒரு பக்கம் நடக்கும்; பராமரிப்பு அதற்காகக் காத்திருக்காது. சிக்கல் எங்கே வந்தது என்றால், படகுகள் கரை சேர்வது டோவரில். டோவர் இருப்பது கென்ட் வட்டாரத்தில். எனவே பெரும் பாரம் கென்ட்டின் தலையில் விழுந்தது. குடியேற்ற அலுவலகம் இருந்ததால் குரோய்டன் மன்றத்துக்கும் அதே நிலை.

இதைப் பகிர்ந்துகொள்ளத்தான் 2016 ஜூலையில் தேசிய மாற்றுத் திட்டம் வந்தது. கணக்கு எளிது. ஒரு மன்றத்தின் பகுதியில் வாழும் மொத்தச் சிறார்களில் 0.07 விழுக்காட்டுக்கு மேல் துணையற்ற அகதிப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டால், அடுத்து வருபவர்களை இடமுள்ள மன்றத்துக்கு அனுப்பலாம். 2022இல் அது 0.1 விழுக்காடானது. ஒரு லட்சம் பிள்ளைகள் உள்ள ஊருக்கு 100 பேர், அவ்வளவுதான். புதிய மன்றம் ஏற்றுக்கொள்ளும்வரை பழைய மன்றத்தின் பொறுப்பு நீங்காது. ஓட்டப்பந்தயத்தில் கோலைக் கைமாற்றுவதுபோல. அடுத்தவர் பிடித்த பிறகே முன்னவர் விடலாம்.

"அப்ப நல்ல ஏற்பாடுதானே?" என்றார்.

காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் தொடக்கத்தில் மன்றங்கள் விரும்பினால் சேரலாம் என்று விட்டார்கள். பல மன்றங்கள் ஒதுங்கிக்கொண்டன. 2020இலும் 2021இலும் கென்ட், இனி எங்களால் முடியாது என்று கையை விரித்தது. உள்துறை அமைச்சே பிள்ளைகளை ஹோட்டல்களில் தங்கவைத்தது. அங்கே அவர்களுக்குச் சட்டப்படி பொறுப்பான மன்றம் என்று எதுவும் செயல்படவில்லை. அந்த ஹோட்டல்களிலிருந்து காணாமல்போனவர்களில் 200 பேர் இன்னும் கிடைக்கவில்லை என்று 2023 ஜனவரியில் அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம், வழக்கமாக ஹோட்டலில் வைத்திருந்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. திட்டம் அதற்கு முன்பே, 2021இன் இறுதியில், கட்டாயமாக்கப்பட்டிருந்தது.

சித்தப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "இருநூறு பிள்ளைங்களா?"

ஆமாம். பொறுப்பு யாருடையது என்று தெளிவில்லாத இடைவெளியில்தான் பிள்ளைகள் தொலைகிறார்கள். நம் ஊரைப் பற்றி நான் கவலைப்படுவதும் இதனால்தான்.

இங்கே கிள்ளான் மாநகர் மன்றமோ கோலாலம்பூர் மாநகராட்சியோ குப்பை, வடிகால், கடை லைசென்ஸ் பார்க்கும். சிறார் பராமரிப்பு அவற்றின் வேலையல்ல. கைமாற வேண்டியது புத்ராஜெயாவில், இரண்டு அமைச்சுகளுக்கு இடையே. குடிநுழைவுத் துறை உள்துறை அமைச்சின் கீழ். சமூகநலத் துறை மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழ். குடிநுழைவுச் சட்டத்துக்கு அகதி என்ற சொல்லே தெரியாது. ஆவணமில்லாமல் வந்தவர் என்ற ஒரே கண்ணோடு பெரியவரையும் பதினான்கு வயதுப் பையனையும் பார்க்கும். தடுப்பு முகாமில் எத்தனை நாள் வைக்கலாம் என்பதற்கு அதில் உச்சவரம்பும் இல்லை.

நம் நாட்டில் ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் 2024இல் பதிவாகியிருந்தவர்கள் 1,80,000க்கும் மேல். அவர்களில் 50,000க்கும் மேற்பட்டோர் 18 வயது நிரம்பாதவர்கள். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். ஆணையத்தின் அலுவலகம் இந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து தூரமில்லை, புக்கிட் பெட்டாலிங்கில். ஆனால் 2019 ஆகஸ்டு முதல் தடுப்பு முகாம்களுக்குள் ஆணையத்தை விடவில்லை. உள்ளே தனியாக இருக்கும் பிள்ளையை யார் அடையாளம் காண்பது?

2023இல் நீலாயில் 'பைத்துல் மஹப்பா' என்று, தடுத்துவைக்கப்பட்ட சிறார்களுக்கெனத் தனி இல்லம் திறந்தார்கள். புக்கிட் ஜாலில், செமினி தடுப்பு முகாம்களோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனாலும் சாவி குடிநுழைவுத் துறையின் கையில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் வழி நம் சட்டப் புத்தகத்திலேயே உண்டு. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் சிறார் என்கிறது, குடியுரிமை கேட்பதில்லை. பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாத பிள்ளை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி ஒரு பிள்ளையைக் கையிலெடுத்தால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். தகுதியான ஒருவரிடமோ வளர்ப்புக் குடும்பத்திடமோ ஒப்படைக்க 30ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இப்படி முடியுமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 'சூக்கா சொசைட்டி' என்ற தொண்டு அமைப்பு, துணையற்ற அகதிப் பிள்ளைகளை அவர்கள் சமூகத்துக் குடும்பங்களிலேயே சேர்த்து, தொடர்ந்து கண்காணித்தும் வந்திருக்கிறது.

சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பா ரஜூலா கப்பல்ல வந்து போர்ட் சுவெட்டன்ஹாம்ல இறங்கினப்ப வயசு பன்னிரண்டு. கூட வந்தது ஊர்க்காரர் ஒருத்தர்தான். இவன் என் பையன்னு அவர் சொன்னாரு. அந்த ஒரு வார்த்தையிலதான் நாங்க எல்லாரும் இருக்கோம்" என்றார்.

நாடும் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறது. ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தது. சில விதிகளுக்கு ஆட்சேபம் பதிந்தது. ஆனால் குடும்பம் இழந்த பிள்ளைகளைப் பற்றிய 20ஆம் விதிக்கு ஆட்சேபம் பதியவில்லை. அகதிப் பிள்ளைகளைப் பற்றிய 22ஆம் விதிக்குப் பதிந்த ஆட்சேபத்தையும் 1999இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த வாக்கு இன்னும் நிற்கிறது. துணையின்றி அகப்படும் எந்தச் சிறாரையும் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறை சமூகநலத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும், சமூகநலத் துறை மறுக்காமல் ஏற்க வேண்டும் என்ற உத்தரவை இரு அமைச்சுகளும் சேர்ந்து போட வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை கோயில் திருவிழாவுக்கோ பள்ளி நிகழ்ச்சிக்கோ வரும்போது, இதை அவரிடம் கேளுங்கள்.